ஈயச் சொம்பும் கணவாய் ஓடும்: குறைந்த செலவில் உலோக வார்ப்பு

ஈயச் சொம்பில் ரசம் வைப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு விதி தெரியும். உள்ளே தண்ணீரோ புளிக்கரைசலோ இல்லாமல் சொம்பை அடுப்பில் ஏற்றக் கூடாது. ஏற்றினால் அடி உருகி அடுப்பில் வழிந்துவிடும். உள்ளே நீர் இருக்கும்வரை சொம்பின் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். வெள்ளீயம் உருக 232 டிகிரி வேண்டும். நீர் வற்றியதும் அந்தக் காவல் போய்விடுகிறது. உருகுநிலையை அட்டவணையில் ஓர் எண்ணாக மட்டுமே பார்த்திருக்கும் மாணவருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு சொல்ல முடியாது. சமையல் அடுப்பின் சூட்டிலேயே உருகக்கூடிய ஓர் உலோகம் நம் வீட்டுப் பரணில் இருக்கிறது என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

மொகஞ்சதாரோவின் நடனப் பெண் சிலையைப் பற்றிச் சமூக அறிவியலில் சொல்லித் தருகிறோம். வெண்கலம், பித்தளை என்று உலோகக் கலவைகளை வேதியியலில் சொல்லித் தருகிறோம். ஆனால் உருகிய உலோகம் ஓர் அச்சுக்குள் இறங்கி உறைவதை நேரில் பார்த்த மாணவர்கள் மிகக் குறைவு, ஆசிரியர்களிலும் அப்படித்தான். உலை, துருத்தி, பெரிய செலவு என்று நினைத்தே பலர் இதைத் தொடுவதில்லை. உண்மையில் வார்ப்பின் பெரும்பகுதி வேலை நெருப்பில் இல்லை, அச்சில் இருக்கிறது. அச்சு செய்யக் கற்றுக்கொள்ள நெருப்பே வேண்டாம். அதற்குப் பின், சரியான உலோகத்தைத் தேர்ந்தெடுத்தால் ஓர் இரும்புத் தாளிப்புக் கரண்டியும் ஒரு சிறிய அடுப்பும் போதும். வீட்டில் ஆசிரியர் செய்து பழகி, அதில் எவ்வளவை வகுப்புக்குக் கொண்டுபோகலாம் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அச்சு

வார்ப்பு அச்சின் அடிப்படை விதிகள் நம் சமையலறையிலேயே இருக்கின்றன. இட்லித் தட்டின் குழியைக் கவனியுங்கள். மேலே அகன்று, கீழே போகப் போகக் குறுகும். அதனால்தான் இட்லி உடையாமல் எழுந்து வருகிறது. அதே குழி பானை போல வாய் குறுகி இருந்தால் இட்லியைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். மணல் அச்சில் பதிக்கும் மாதிரிக்கும் இதே சாய்வு வேண்டும்; இல்லாவிட்டால் மாதிரியைத் தூக்கும்போது மணல் பெயர்ந்துவிடும். கொழுக்கட்டை அச்சு இன்னும் ஒரு படி மேலே. அது இரண்டு பாதிகளால் ஆனது. இரண்டும் சேரும் இடத்தில் கொழுக்கட்டையின் மேல் ஒரு மெல்லிய கோடு விழும். பித்தளைக் குத்துவிளக்கின் தண்டிலோ குழாய்த் திருகிலோ உற்றுப் பார்த்தால், அராவி மறைக்கப்படாத இடத்தில் அதே கோட்டைக் காணலாம். இதைச் சொல்லிவிட்டு, வீட்டில் வார்த்துச் செய்த பொருள் எதெது என்று கண்டுபிடித்து வரச் சொன்னால் மாணவர்கள் ஒரு பட்டியலோடு வருவார்கள். அம்மிக்கல்லையும் சேர்த்துக்கொண்டு வருபவர்கள் இருப்பார்கள். அது செதுக்கியது, வார்த்தது அல்ல என்று விளக்க அதுவே நல்ல வாய்ப்பு.

தொடக்க வகுப்புகளுக்கு உலோகம் தேவையில்லை. ஒரு தட்டில் ஈர மணலை அழுத்தி நிரப்பி, அதில் ஒரு சிப்பியையோ பெரிய பொத்தானையோ பதித்து எடுக்கச் சொல்லுங்கள். பழைய மெழுகுவத்தித் துண்டுகளை ஒரு சிறு பாத்திரத்தில் இட்டு, அந்தப் பாத்திரத்தைக் கொதிநீருக்குள் வைத்து ஆசிரியர் உருக்க வேண்டும். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. அளவு மீறிச் சூடானால் தீப்பற்றும். உருகிய மெழுகைக் குழியில் ஊற்றிவிட்டு அரை மணி நேரம் விடலாம். எடுத்துப் பார்த்தால் சிப்பியின் கோடுகள் மணல் துகள்களோடு மெழுகில் இருக்கும். ஊற்றிய பக்கத்தில், நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளம்தான் இந்தச் சோதனையின் பயன். மெழுகு உறையும்போது சுருங்குகிறது. ஓரம் முதலில் உறைகிறது, நடு கடைசியில் உறைகிறது, சுருங்கிய இடத்தை நிரப்ப மேலே திரவம் மிச்சமில்லை.

உலோகங்களும் இப்படித்தான். வெள்ளீயம் உறையும்போது அதன் கன அளவில் 2 முதல் 3 விழுக்காடு குறைகிறது. அலுமினியம் 6 விழுக்காட்டுக்கும் மேல். இதனால்தான் வார்ப்பவர்கள் பொருளுக்கு மேலே தடித்த ஊற்றுவாய் ஒன்றை வைக்கிறார்கள். அது உலோகம் இறங்கும் வழி மட்டுமல்ல, சுருக்கத்தை ஈடுசெய்யும் சேமிப்பும் அதுவே. ஊற்றுவாய் பொருளைவிடத் தடிமனாக இருந்தால் கடைசியில் உறையும். பள்ளம் அங்கே விழும். பிறகு அதை வெட்டி எறியலாம், அதாவது மறுபடி உருக்கலாம். நீர் மட்டும் ஏன் உறையும்போது விரிகிறது என்று ஒரு மாணவர் கேட்டால், உலோகங்களிலும் அப்படி ஒன்று உண்டு என்று சொல்லுங்கள்: பிஸ்மத் உறையும்போது சுமார் 3 விழுக்காடு விரிகிறது.

எந்த ஈயம்?

இங்கேதான் நம் மொழியிலேயே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பேச்சு வழக்கில் ‘ஈயம்’ என்று இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். ரசச் சொம்பும், பாத்திரத்துக்குப் பூசும் பூச்சும் வெள்ளீயம். மீன்வலைக்குக் கட்டும் குண்டும், பழைய பேட்டரித் தகடும் காரீயம். கடையில் போய் ‘ஈயம் கொடுங்கள்’ என்று கேட்டால் எதுவும் கிடைக்கலாம். காரீயம் விலை மலிவு என்பதால் அதுவே கிடைக்க வாய்ப்பு அதிகம். காரீயம் 327 டிகிரியில் உருகும், எளிதாக ஊற்ற வரும், அதனால் ஆசையும் காட்டும். ஆனால் அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. இரத்தத்தில் இவ்வளவு இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. உருக்கும் இடத்தில் படியும் சாம்பல் நிறக் கசடும் தூசியும் கைவழியாக வாய்க்குப் போகும். வீட்டிலும் வேண்டாம், பள்ளியில் அறவே வேண்டாம்.

எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் சாதாரண சால்டர் கம்பியும் இதே காரணத்தால் ஆகாது. அதில் வெள்ளீயத்தோடு காரீயம் கலந்திருக்கும். அதனால்தான் 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கிறது. காரீயம் இல்லாத சால்டர் தனியாக விற்கிறது. அதன் உறையில் ‘லெட் ஃப்ரீ’ என்றும், வெள்ளீயம் 99.3, செம்பு 0.7 என்றும் அச்சிட்டிருக்கும். அது 227 டிகிரியில் உருகும். நடுவில் பிசின் இல்லாத கட்டியாகக் கிடைத்தால் புகை குறைவு. பாத்திரங்களுக்கு ஈயம் பூசுபவர்களிடமும் வெள்ளீயம் வாங்கலாம். பாட்டியின் ஈயச் சொம்பை மட்டும் உருக்கிவிடாதீர்கள். அது போக, சந்தையில் ஈயச் சொம்பு என்று விற்பதெல்லாம் தூய வெள்ளீயம் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது.

வாங்கியது எதுவென்று எப்படி அறிவது? உயர்நிலை வகுப்புக்கு இதுவே ஒரு முழுப் பாடவேளை. வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயத்தின் அடர்த்தி 11.3. துல்லியமான தராசில் 73 கிராம் எடையுள்ள கட்டியை அளவுசாடியின் நீரில் மூழ்கவிட்டால், வெள்ளீயம் நீர்மட்டத்தை 10 மில்லிலிட்டர் உயர்த்தும், காரீயம் 6.5 மில்லிலிட்டரைக்கூட எட்டாது. இரண்டும் கலந்த சாதாரண சால்டர் நடுவில் நிற்கும். 60 விழுக்காடு வெள்ளீயம் உள்ள கலவை சுமார் 8.6 மில்லிலிட்டர் காட்டும். 10-க்குக் கீழே தெளிவாக இறங்கினால் அந்தக் கட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்த அளவீட்டை ஆசிரியர் கையுறையோடு செய்து, கணக்கை மாணவர்களிடம் விட்டுவிடலாம். தூய வெள்ளீயத் துண்டைக் காதருகே வைத்து வளைத்தால் நெறுநெறுவென்று ஒரு மெல்லிய ஒலி வரும். உள்ளே படிகங்கள் இடம் மாறுவதால் எழும் ஒலி அது. மாணவர்கள் மறக்க மாட்டார்கள் என்றாலும், அளவுசாடிக்கு ஈடாக அதை நம்ப வேண்டாம்.

வெள்ளீயம் மலிவான உலோகம் அல்ல. ஆனால் தேவை சிறிது. 3 செ.மீ. விட்டமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள ஒரு பதக்கத்துக்கு 16 கிராமுக்கும் குறைவாகவே போதும். ஊற்றுவாய்க்கும் சேர்த்து 50 கிராம் வைத்துக்கொண்டால் வேலை நடக்கும். பிடிக்காத வார்ப்பை மறுபடி கரண்டியில் போடலாம். ஒரு முறை வாங்கியது பல ஆண்டுகளுக்கு வரும்.

கணவாய் ஓடு

அச்சுக்கு நான் முதலில் சொல்வது கணவாய் ஓடு. கணவாய் மீனின் உடலுக்குள் இருக்கும் வெள்ளைக் கூடு அது. கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும். நாட்டு மருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்ற பெயரில் இருக்கும். கூண்டுப் பறவைகள் கொத்துவதற்காக அவற்றின் தீவனக் கடையிலும் விற்பார்கள். ஒரு பக்கம் கெட்டி, மறு பக்கம் நகத்தால் கீறினாலே பொடி உதிரும் அளவுக்கு மென்மை. சுண்ணாம்புப் பொருளால் ஆனது என்பதால் உருகிய உலோகத்தின் சூட்டைத் தாங்கும். உலகின் பல பகுதிகளில் நகை செய்பவர்கள் வெள்ளி, தங்கம் வார்க்கவே இதைப் பயன்படுத்துகிறார்கள். வெள்ளீயம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

பெரிய ஓடுகள் இரண்டு எடுத்து, மென்மையான பக்கங்களை உப்புத்தாளில் தேய்த்துச் சமதளமாக்குங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு வெளியில் உட்கார்ந்து தேய்ப்பது நல்லது. இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் இடைவெளி தெரியக் கூடாது. ஒன்றில் மட்டும் உங்கள் உருவத்தைச் செதுக்குங்கள்: இலை, மீன், பள்ளியின் முதலெழுத்து. எழுத்தானால் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிச் செதுக்க வேண்டும். ஆழம் 3 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். அதைவிட மெலிந்தால் உலோகம் கடைசி முனைவரை போகும் முன் உறைந்துவிடும். மேல் விளிம்பிலிருந்து உருவம்வரை புனல் போல அகன்ற ஊற்றுவாய் ஒன்று இரண்டு ஓட்டிலுமாக வெட்டுங்கள். உருவத்தின் ஓரங்களிலிருந்து மேல்நோக்கி ஊசியால் சில கோடுகள் கீறிவிட்டால் உள்ளிருக்கும் காற்று வெளியேறும். காற்றுக்கு வழி விடாத அச்சில் உலோகம் பாதியில் நின்றுவிடும். இரண்டு ஓடுகளையும் சேர்த்துக் கட்டுக்கம்பியால் கட்டி, வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். கடற்கரையில் பொறுக்கியதானால், உப்புப் போகக் கழுவி, ஒரு வாரமாவது காய வேண்டும்.

வார்த்தபின் உலோகத்தின் மேல் மரத்தின் ஆண்டு வளையம் போல அலையலையாக மெல்லிய வரிகள் தெரியும். அவை கணவாய் வளர வளர அடுக்கடுக்காகக் கட்டிய சுவர்கள். உயிரியல் ஆசிரியர் அருகில் இருந்தால் பாடத்தை அவரிடம் ஒப்படைத்துவிடலாம்.

ஊற்றும்போது

இடம் திறந்த வெளியாக, மழை பெய்யாத நாளாக இருக்கட்டும். ஒரு தகரத் தட்டில் காய்ந்த மணல் பரப்பி, அதில் அச்சை நிமிர்த்தி நிறுத்துங்கள். சிந்தினால் மணலில் சிந்தும். பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல் வேண்டும். தண்ணீர் வாளி அந்த இடத்தில் இருக்கக் கூடாது. கை சுட்டால் ஊற்றுவதற்குக் குழாய் சற்றுத் தள்ளி இருந்தால் போதும். பருத்தி ஆடை, மூடிய தோல் காலணி, கண்ணாடி, தோல் கையுறை ஆகிய நான்கும் கட்டாயம். நைலான், பாலியஸ்டர் துணி சூடு பட்டால் உருகித் தோலில் ஒட்டும். சேலை அணிந்திருந்தால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும்.

இரும்பு அல்லது எவர்சில்வர் கரண்டியின் விளிம்பைக் குறட்டால் நெருக்கி ஒரு மூக்குச் செய்துகொண்டால் ஊற்றுவது எளிது. அலுமினியக் கரண்டி வேண்டாம். இந்தக் கரண்டி இனிச் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. கரண்டியில் உலோகத்தை வைத்து மிதமான தீயில் சூடாக்கினால், சில நிமிடங்களில் கட்டி சாய்ந்து, பாதரசம் போல ஒளிரும் குளமாகிவிடும். மேலே படியும் ஆடையை ஒரு காய்ந்த எவர்சில்வர் ஸ்பூனால் ஒதுக்குங்கள். அந்த ஸ்பூனையும் முதலில் தீயில் காட்டிச் சூடாக்கிய பின்னரே உள்ளே விட வேண்டும். சூடு போதுமா என்று பார்க்க, காய்ந்த தீக்குச்சியின் மருந்தில்லாத முனையால் மேற்பரப்பைத் தொடுங்கள். முனை மெல்லப் பழுப்பேறினால் சரி. உடனே கருகிப் புகைந்தால் தீயைக் குறைக்க வேண்டும். பிறகு தயங்காமல், நிறுத்தாமல், ஒரே ஓட்டமாக ஊற்றுவாய் நிரம்பும்வரை ஊற்றுங்கள். நடுவில் நிறுத்தி மறுபடி ஊற்றினால் முதலில் போனது உறைந்திருக்கும். இரண்டும் ஒட்டாமல் ஒரு பிளவுக்கோடு விழும். முடி கருகுவது போல ஒரு வாடை வரும். ஓட்டில் இருக்கும் கரிமப் பொருள் கருகுவதால் வருவது அது. ஊற்றுவாயில் ஒளிர்ந்த உலோகம் சட்டென்று மங்கி, நடுவில் சிறு பள்ளம் விழும். அதன் பிறகும் கால் மணி நேரம் தொடாதீர்கள். உறைந்த வெள்ளீயமும் உருகிய வெள்ளீயமும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். 200 டிகிரியில் இருக்கும் உலோகம் சிவப்பாகத் தெரியாது.

ஒரு சொட்டு நீர்

வார்ப்பில் நடக்கும் மோசமான விபத்துகளில் பலவற்றுக்குக் காரணம் ஈரம். ஒரு மில்லிலிட்டர் நீர் ஆவியானால் ஒன்றரை லிட்டருக்கும் மேல் இடம் கேட்கும். ஒரு சொட்டு என்பது சுமார் 0.05 மில்லிலிட்டர், அது கிட்டத்தட்ட 80 மில்லிலிட்டர் நீராவியாகும். அந்தச் சொட்டு உலோகத்தின் மேலே விழுந்தால் சீறிவிட்டுப் போய்விடும். உலோகத்துக்கு அடியில், அச்சின் உள்ளே, ஈரமான ஸ்பூனின் நுனியில் இருந்தால் வெளியேற வழியின்றி உலோகத்தையே தூக்கி முகத்தில் எறியும்.

சுண்ண அச்சு, அதாவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், இந்த விஷயத்தில் ஏமாற்றும். கடையில் எளிதாகக் கிடைக்கும், அழகாகப் பதியும், தொட்டால் காய்ந்தது போலவே இருக்கும். ஆனால் இறுகிய பிளாஸ்டர் என்பது ஜிப்சம். அதன் எடையில் சுமார் 21 விழுக்காடு படிகநீர். வெயிலில் எத்தனை நாள் வைத்தாலும் அது போகாது. உலோகத்தின் சூடு பட்டதும் ஆவியாகக் கிளம்பும். பல மணி நேரம் சூளையில் சுட்டால்தான் பயன்படும். தொடங்குபவர்கள் அதை மெழுகு வார்க்க மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

அப்படியானால் ஈர மணலில் எப்படி வார்க்கிறார்கள் என்ற கேள்வி எழும். ஃபவுண்டரிகளில் பயன்படும் மணலில் ஈரம் இருப்பது உண்மை. சலித்த நுண்மணல் 100 பங்குக்கு 8 முதல் 10 பங்கு பென்டோனைட் களிமண்ணும், 4 பங்கு அளவில் நீரும் சேர்த்துப் பிசைவார்கள். அந்தச் சிறிது நீரும் களிமண்ணோடு பிணைந்து, துகள்மேல் மெல்லிய பூச்சாகப் பரவியிருக்கும். துகள்களுக்கு இடையே ஆவி வெளியேற ஆயிரக்கணக்கான வழிகள் இருக்கும். ஒரு பிடி மணலை அமுக்கி இரண்டாக உடைத்தால் முனை உதிராமல் முறிய வேண்டும். கையில் ஈரம் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அந்த மணலில் ஊற்றக் கூடாது. இந்தப் பக்குவம் பழகப் பழகத்தான் வரும். அதனால்தான் கணவாய் ஓட்டை முதலில் வைத்தேன். மணலில் பழக விரும்புபவர்களுக்கு ஒரு செய்தி: எர்த் குழிக்குப் போடுவதற்காக எலக்ட்ரிகல் கடைகளில் பென்டோனைட் பொடி விற்கிறது.

அலுமினியத்தில் தொடங்க வேண்டாம்

குளிர்பானக் கேன்களை வாளி உலையில் உருக்கும் காணொளிகளை மாணவர்கள் பார்த்திருப்பார்கள். செய்து பார்க்கலாமா என்று கேட்பார்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அந்தச் சூட்டிலும் பகல் வெளிச்சத்தில் அது வெள்ளியாகவே தெரியும். கான்கிரீட் தரையில் சிந்தினால் தரைக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிக் கல் சிதறும். மெல்லிய கேன் தகடு பெருமளவு கசடாகவே போகும். கிடைக்கும் உலோகம் ஏமாற்றம்தான். நாகம் பூசிய இரும்பும் பித்தளையும் வேறொரு தொல்லை: நாகத்தின் புகை மூச்சில் போனால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் போல உடம்பைப் போட்டுவிடும். கேட்கும் மாணவரிடம் ‘கூடாது’ என்று மட்டும் சொன்னால் அவர் வீட்டில் தனியாகச் செய்து பார்ப்பார். காரணத்தோடு சொல்லி, வார்ப்பு கற்பிக்கும் தொழிற்பயிற்சி நிலையத்தையோ பாலிடெக்னிக்கின் ஃபவுண்டரியையோ காட்டுங்கள். பம்பு உறைகள் வார்க்கும் ஆலைகள் கோவையில் நிறைய உள்ளன. நாச்சியார்கோவிலில் பித்தளைக் குத்துவிளக்கின் பாகங்களை மணல் அச்சில் வார்க்கிறார்கள்.

சுவாமிமலைக்குச் சுற்றுலா போக முடிந்தால், இட்லிக் குழி விதியை மீறும் வழியை மாணவர்கள் அங்கே பார்க்கலாம். தூக்கிய காலும் வளைந்த கையும் உள்ள நடராசரை எந்த இரண்டு பாதி அச்சிலிருந்தும் எடுக்க முடியாது. அதனால் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து சிலையை முதலில் மெழுகில் செய்து, காவிரி வண்டல் மண்ணை அதன்மேல் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சு சூட்டோடு இருக்கும்போதே ஊற்றுவதால் ஈரம் தங்காது. பிறகு அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான். சுமார் 10.5 செ.மீ. உயரமுள்ள மொகஞ்சதாரோ நடனப் பெண்ணும் இந்த முறையில் வார்த்ததே.

வகுப்பில் உலோகம் ஊற்றிக் காட்ட விரும்பினால், வீட்டில் பல முறை செய்து கை பழகிய பிறகு, தலைமையாசிரியரின் அனுமதியோடு, திறந்தவெளியில் ஊற்றுங்கள். ஊற்றுவது ஆசிரியர் மட்டும். மாணவர்கள் 3 மீட்டருக்கு அப்பால், தரையில் கோடு போட்டு, அதன் பின்னால் நிற்கட்டும். செதுக்குவது, எடை போடுவது, ஆறிய பின் அராவி மெருகேற்றுவது எல்லாம் அவர்கள் வேலை.

எவ்வளவு உலோகம் உருக்க வேண்டும் என்ற கணக்கையும் அவர்களிடமே கொடுங்கள். செதுக்கிய ஓட்டில், ஊற்றுவாய் உட்பட, மெழுகை அழுத்தி நிரப்பி எடுத்து எடை போடட்டும். மெழுகின் அடர்த்தி சுமார் 0.95, வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3. 5 கிராம் மெழுகு பிடித்த அச்சுக்கு 38 கிராமுக்குச் சற்று அதிகமாக உலோகம் வேண்டும். கசடுக்கும் கரண்டியில் ஒட்டுவதற்கும் சேர்த்து 45 கிராமாக வைத்துக்கொள்ளலாம்.